நூற்றெட்டுப் பாண்டு உப்பு

அப்போது நாங்கள் குடியிருந்தது ஐஸ் கம்பெனிக்குள்ளேயே ஒரு ரூமில். திருவொற்றியூரில் கடலோர ரோட்டை ஒட்டின கம்பெனி. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடும்போது எங்கள் அலமாரியில் டம்ளர்கள் லேசாக ஆடும். பத்தொன்பது வருஷம் அந்தச் சத்தத்தில் படுத்து எழுந்ததால், மீன்பிடித் தடைக்காலம் வந்து மிஷினை நிறுத்தினால்தான் எங்களுக்குத் தூக்கம் கெடும்.

என் வேலை தொட்டி பார்க்கிறது. ஐஸ் எப்படி ஆகிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய இரும்புத் தொட்டி. அது நிறைய உப்புத்தண்ணி. அதற்குள்ளே அமோனியா ஓடுகிற குழாய்கள். அதை நாங்கள் காயில் என்போம். உப்புத்தண்ணி எவ்வளவு குளிர்ந்தாலும் சீக்கிரம் உறையாது. நல்ல தண்ணி ஊற்றின நீளத் தகரக் கேன்களை அதற்குள் வரிசையாக இறக்கி வைத்தால், கேனுக்குள் இருக்கிற தண்ணி மட்டும் கட்டியாகி ஐஸ் பாராக வெளியே வரும். உப்பு குறைந்து போனால் உப்புத்தண்ணியே காயிலைச் சுற்றி உறைய ஆரம்பித்துவிடும். அப்புறம் குளிர் காயிலோடு நின்றுவிடும், கேனுக்குப் போகாது. அதனால் நூற்றுக்கு இருபத்திரண்டு உப்பு இருக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனிக் கணக்கு. அதைப் பார்க்க ஒரு கண்ணாடி மீட்டர் உண்டு. தண்ணியில் விட்டால் நட்டுக்கொண்டு மிதக்கும். எந்தக் கோடு வரைக்கும் முழுகுகிறதோ அதுதான் கணக்கு.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். மீட்டர் சொல்கிறதைப் படிப்பேன், குறைந்தால் உப்புப் போடுவேன். அவ்வளவுதான் என் விஞ்ஞானம். மற்றதெல்லாம் ஆத்தா பார்த்துக்கொள்வாள். தொட்டிக்கு மேலே சுவரில் எங்கள் அம்மன் படம் மாட்டியிருந்தேன். எந்த வெள்ளிக்கிழமையும் கற்பூரம் ஏற்றாமல் மிஷினைத் தொட்டதில்லை.

அந்த வருஷம் தடைக்காலம் ஆரம்பித்த அன்றைக்கே என் பெண்ணுக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வர வேண்டும். மிஷினை நிறுத்திவிட்டு, தொட்டிக்குத் தண்ணி வருகிற வால்வை மூடினேன். முழுசாகத் திருகினேனா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினேன். இரண்டு மாசம் அந்த வால்வு ஒரு நூல் கனத்துக்குத் தண்ணி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. உப்புத்தண்ணி மேலே வழிந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பெண் ரூமில் படுத்திருந்தாள், நாங்கள் அவளைச் சுற்றிக்கொண்டிருந்தோம். மூடின தொட்டியை யார் திறந்து பார்க்கிறது?

போன சீசனிலேயே என் கவனக்குறைவால் நாற்பது கேன் துருப்பிடித்து ஓட்டையாகிப் போயிருந்தது. அப்போதே முதலாளி சொல்லியிருந்தார்.

"இன்னொரு தப்பு நடந்துச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காதே. ரூம் சாவிய ஆபீஸ்ல வெச்சிட்டுப் போய்க்கினே இரு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பேப்பர் படித்துக்கொண்டே சொன்னார். அதனால்தான் பயம்.

தடைக்காலம் முடிய மூன்று நாள் இருந்தது. வியாழக்கிழமை காலையில் தொட்டி மூடிப் பலகைகளைத் தூக்கிவிட்டு மீட்டரை விட்டேன். கழுத்து வரைக்கும் முழுகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு. இருபத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. அப்போதுதான் வால்வைப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

மீட்டரை வெளியே எடுத்தேன். வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்தது. சத்தம்கூடப் பெரிசாக இல்லை. உள்ளே இருந்த ஈயக் குண்டுகள் கடுகு மாதிரி நாலு பக்கமும் ஓடின. முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கண்ணாடித் துண்டுகளைப் பேப்பரில் சுற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மன் படத்துக்குப் பின்னாலே செருகினேன். "தாயே, இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றேன். சாமியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

மீட்டர் உடைந்ததைச் சொன்னால் வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால்வைப் பற்றிச் சொன்னால் சாவி. ரூமில் என் பெண் நிறைமாசமாக, இன்றோ நாளையோ என்று இருந்தாள். பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்கிற தைரியத்தில் இருந்தாள். அவளை எங்கே அழைத்துக்கொண்டு போவேன்?

மீட்டர் வேண்டாம், கணக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். சாக்பீஸ் எடுத்துச் சுவரில் எழுதினேன். தொட்டியில் இருபதாயிரம் கிலோ நிற்கும், அது முதலாளியே பெயிண்டில் எழுதி வைத்தது. நூறு கிலோவில் பன்னிரண்டு உப்பு இருக்கிறது. இன்னும் பத்துப் போட்டால் இருபத்திரண்டு. நூற்றுக்குப் பத்து என்றால் இருபதாயிரத்துக்கு இரண்டாயிரம். இரண்டாயிரம் கிலோ உப்பு. இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

கம்பெனி மூலையில் உப்பு அம்பாரம் இருந்தது. சாக்குகள் நைந்து போய்க் குவியலாகக் கிடக்கிற கல் உப்பு. சித்தாள்கள் மண் சுமக்கிற இரும்புப் பாண்டால்தான் அதை அள்ளுவோம். ஒரு பாண்டு இருபது கிலோ. நூறு பாண்டு.

கம்ப்ரசர் பார்க்கிற ஆப்பரேட்டர் பாய் வந்தார். தண்டையார்பேட்டைக்காரர். என்னைவிடப் பத்து வயசு சின்னவர், ஆனால் என்னை மிரட்டுகிற உரிமை அவருக்கு உண்டு.

"இன்னா மாமு, காலைலயே செவுத்துல படம் வரஞ்சிக்கினு கீற?"

"உப்புக் கணக்கு பாய்."

"மீட்டர் பார்த்தியா?"

"பார்த்தேன்."

பொய் இல்லை. பார்த்தேன்தானே?

நானும் அவரும் லோடு ஏற்றுகிற இரண்டு பேரும் அள்ளி அள்ளிக் கொட்டினோம். முதல் பாண்டுக்கு "லாபம்" என்றேன். எங்கள் ஊரில் ஒன்று என்று சொல்லி ஆரம்பிக்க மாட்டோம். அப்புறம் ஒவ்வொரு பாண்டுக்கும் "ஓம் சக்தி" சொல்லிக் கொட்டினேன். நூறு ஆனது. நிறுத்த மனசு வரவில்லை.

"இன்னும் எட்டு கொட்டிடலாம் பாய். நூத்தியெட்டு ஆவட்டும்."

"உப்புக்கு இன்னாத்துக்கு மாமு அர்ச்சன?"

"கொட்டுய்யா."

கொட்டினார். நூற்றெட்டு. இரண்டாயிரத்து நூற்றறுபது கிலோ. கணக்குக்கு மேலேயே எட்டுப் பாண்டு போட்டாயிற்று, சாமி எண்ணிக்கையும் ஆயிற்று, இனி யார் என்ன செய்ய முடியும் என்று ஒரு நிம்மதி. அம்பாரம் இருந்த இடத்தில் ஈரத் தரைதான் மிச்சம். சாயங்காலம் முதலாளி போன் பண்ணினார்.

"மீட்டர் எவ்ளோ காட்டுது?"

"இருபத்திரெண்டு முதலாளி."

"நல்லது" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மிஷினைப் போட்டோம். கேன்களை இறக்கினோம். ரூமில் டம்ளர்கள் ஆட ஆரம்பித்தன. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். தெர்மாமீட்டர் சுழியத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஐந்து, ஏழு, எட்டு. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதுதான் கடைசி.

சனிக்கிழமை விடிந்ததும் பாய் கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது.

"மாமு! இங்க வா. ஒம்போதுலயே நின்னுக்கினு கீது. எறங்க மாட்டேங்குது."

பலகையைத் தூக்கிப் பார்த்தோம். காயில் முழுக்க வெள்ளையாக, கை கனத்துக்கு ஐஸ் கட்டியிருந்தது. தண்ணியைக் கலக்கி விடுகிற காத்தாடி திணறிக்கொண்டு சுற்றியது. ஒரு கேனைத் தூக்கிக் கவிழ்த்தோம். ஓரத்தில் தோல் மாதிரி ஐஸ், நடுவில் எல்லாம் தண்ணி. காலில் ஊற்றியது.

பாய் கம்ப்ரசரை நிறுத்தினார். இனிமேலும் ஓட்டினால் காயில் வெடித்து அமோனியா வெளியே வரும் என்றார். சத்தம் நின்றது. ரூமிலிருந்து வீட்டுக்காரி வந்து வாசலில் நின்றாள்.

"இருபத்திரெண்டு இருந்தா காயில்ல கட்டாதே மாமு. மீட்டரு எங்க? குடு, நான் பாக்கறேன்."

அவர் குனிந்தார். தரையில் தொட்டியோரம் என் கண்ணுக்குத் தப்பின ஒரு ஈயக் குண்டு. எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். வீட்டுக்காரியும் பார்த்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாமு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு படகுக்காரர் வண்டியோடு வந்து நின்றார். எண்பது பார் சொல்லி வைத்திருந்தவர்.

"இன்னா அண்ணாத்த, மிஷினு சத்தமே காணோம்? நாளைக்கு கடலுக்குப் போவணும். ஐஸ் இல்லாம போனா மீனுக்கு பதிலா கருவாடாவே புட்சிக்கினு வரணும்."

"சாயங்காலம் வாங்க" என்றார் பாய். சாயங்காலம் ஒன்றும் இருக்காது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கம்பெனிப் பக்கம் போனார்.

நான் அம்மன் படத்துக்கு முன்னாடி போய் நின்றேன். ஏதாவது வேண்டிக்கொள்ளலாம் என்று நிமிர்ந்து பார்த்தேன். படத்துக்குப் பின்னால் பேப்பர் பொட்டலம் துருத்திக்கொண்டு தெரிந்தது. பிறகு ரூமுக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வயசுக்காரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன், அதை என் பெண் கட்டிலில் படுத்தபடி பார்த்தாள்.

"அளாத நைனா. இன்னா கணக்கு போட்டேன்னு சொல்லு."

சொன்னேன். நூற்றுக்குப் பன்னிரண்டு, அதோடு பத்து, இருபத்திரண்டு. அவள் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். மெல்ல எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கீழ இன்னா போட்ட?"

"கீழன்னா?"

"நூத்துக்குன்னு சொல்றியே, எந்த நூறு? எங்க புஸ்தகத்துல கரைபொருள்னு ஒண்ணு, கரைசல்னு ஒண்ணு வரும். உப்பு கரைபொருளு. உப்பும் தண்ணியும் சேந்தாத்தான் கரைசல். உப்போட எடைய கரைசலோட எடையால வகுத்து நூறால பெருக்கணும். நீ நூறு கிலோல பத்து கிலோ உப்ப கொட்டிட்ட. அப்புறமும் அது நூறாவா இருக்கும்? நூத்தி பத்து ஆயிடுச்சே. இருபத்திரெண்ட நூத்தி பத்தால வகுத்தா இருபதுதான் நைனா வரும்."

எனக்குத் தலையில் யாரோ தண்ணி ஊற்றின மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷம் உப்புத்தண்ணியோடு இருந்தவன். கொட்டின உப்பும் தொட்டியில்தான் இருக்கிறது, அதற்கும் எடை உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இருபது இருந்தாக்கூட இவ்ளோ கட்டாதும்மா" என்றேன். எனக்கு அதுமட்டும் அனுபவத்தில் தெரியும்.

என் வீட்டுக்காரி அதுவரைக்கும் அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். அவள் மீன் குழம்பு மசாலாத்தூள் அரைத்துப் பொட்டலம் கட்டி அக்கம்பக்கத்தில் விற்கிறவள். அதற்காக ஒரு சின்ன எலக்ட்ரிக் தராசு வைத்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ கொட்டினது எந்த உப்பு? அந்த மூலைல கெடந்ததா?"

"ஆமா."

"அதுல பாதி தண்ணி. மழைல நனைஞ்சி கெடக்குது. ஊறுகாய்க்கு உப்பு எடுத்தா நான் மொதல்ல வாணலில போட்டு வறுப்பேனே, இன்னாத்துக்கு வறுக்கறேன்னு நினைச்ச? தண்ணிய ஓட்டத்தான்."

வெளியே போய், அம்பாரம் இருந்த இடத்தில் துடைப்பத்தால் கூட்டி ஒரு கிண்ணம் உப்பு எடுத்து வந்தாள். மண்ணை ஊதிவிட்டு நூறு கிராம் நிறுத்தாள். வாணலியில் போட்டாள். படபடவென்று பொரிந்தது, ஆவி வந்தது, அப்புறம் அடங்கியது. ஆறவிட்டு மறுபடியும் தராசில் கொட்டினாள்.

எண்பத்தைந்து.

மூன்று பேரும் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் நூற்றெட்டுப் பாண்டு உப்பு என்று நினைத்துக் கொட்டினதில் பதினாறு பாண்டு வெறும் தண்ணி. ஒவ்வொன்றுக்கும் ஓம் சக்தி சொல்லியிருக்கிறேன்.

"அப்ப இப்ப தொட்டில எவ்ளோதான் கீது? மீட்டரும் இல்ல" என்றேன்.

"இத மாதிரியே அதயும் காய்ச்சிப் பாத்துடலாமே" என்றாள் வீட்டுக்காரி. அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

பாயிடம் சொன்னேன். உடனே எடுக்காதே, காயிலில் கட்டின ஐஸ் கரைந்து கலக்கட்டும், இல்லாவிட்டால் கணக்குத் தப்பாக வரும் என்றார். அதுவும் எனக்குத் தோன்றியிருக்காது. காத்தாடியை மட்டும் ஓட விட்டுக் காத்திருந்தோம். மத்தியானச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. பெண் மட்டும் வயிற்றுக்குள் இருக்கிறதுக்காக நாலு வாய் சாப்பிட்டாள். இரண்டு மணி சுமாருக்கு ஒரு சொம்பில் மொண்டுகொண்டு வந்தேன்.

வெறும் எவர்சில்வர் சட்டியை முதலில் நிறுத்துக் குறித்துக்கொண்டாள் பெண். இருநூறு கிராம் தண்ணியை ஊற்றினாள் வீட்டுக்காரி. சிறு தீ. அரை மணி நேரத்தில் ஓரமெல்லாம் வெள்ளை படிந்தது. கெட்டியாகிறபோது உப்பு தெறிக்க ஆரம்பித்தது. ஒரு கல் தெறித்தாலும் கணக்குப் போய்விடும் என்று பெண் கத்தினாள். தட்டைச் சாய்த்து மூடினாள் அவள் அம்மா. துருவும் அமோனியாவும் சேர்ந்து ரூமே நாறியது. பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வெளியே போகச் சொன்னாலும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு பொறுக்கு மிச்சம். சட்டியோடு நிறுத்துக் கழித்தாள்.

"முப்பத்தெட்டு. இருநூறுல முப்பத்தெட்டு. நூத்துக்கு பத்தொம்போது நைனா."

அதற்கப்புறம் அவள் செல்போனில் கணக்குப் போட்டாள். நேராக வழி தெரியவில்லை என்று, ஐந்நூறு கிலோ போட்டால் எவ்வளவு, எண்ணூறு போட்டால் எவ்வளவு என்று போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் உப்பில் தண்ணியைக் கழித்தாள், மேலேயும் சேர்த்தாள், கீழேயும் சேர்த்தாள். ஆயிரம் போட்டால் இருபத்திரண்டுக்குக் கொஞ்சம் குறைந்தது. ஆயிரத்து நூறு போட்டால் தாண்டியது. ஐம்பது கிலோ மூட்டையில் இருபத்திரண்டு மூட்டை. மசாலாப் பொட்டலம் கட்டுகிற பேப்பரில் எழுதிக் கொடுத்தாள்.

கம்பெனியில் ஒரு பிடி உப்பு இல்லை. இருபத்திரண்டு மூட்டை வேண்டுமென்றால் முதலாளிதான் சொல்ல வேண்டும்.

"போன்ல சொல்லிடு மாமு" என்றார் பாய்.

போனில்தான் இருபத்திரண்டு என்று சொன்னேன். அதே போனில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. விபூதி இட்டுக்கொண்டேன். படத்துக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். முதலாளி வீடு யானைக்கவுனி. ஹைரோட்டில் பஸ் ஏறினேன். டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று பஸ் அரை மணி நகரவில்லை. அந்த அரை மணியும் நான் ஒரே வேண்டுதலைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும், குழந்தை பிறந்து முப்பது நாள் ஆகிற வரைக்கும் ரூம் இருக்கட்டும். அப்புறம் அதையும் வெட்கமாக நினைத்தேன். பொய் சொல்லிவிட்டு ஆத்தாவிடம் பேரம் பேசுகிறேனே என்று.

முதலாளி சாப்பிட்டுவிட்டுப் படுத்து எழுந்திருந்தார். காபி குடித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து அவருக்கு முன்னால் டீப்பாயில் வைத்தேன். வால்விலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நூற்றெட்டு பற்றியும் சொன்னேன். காய்ச்சிப் பார்த்ததைச் சொன்னேன். பெண் எழுதின பேப்பரைக் கொடுத்தேன். அதை இரண்டு தரம் படித்தார்.

"யாரு போட்ட கணக்கு?"

"என் பொண்ணுங்க."

போனை எடுத்து உப்பு மண்டிக்குப் பேசினார். இருபத்திரண்டு மூட்டை, உடனே. இன்னொருவருக்குப் பேசி மீட்டர் ஒன்று அனுப்பச் சொன்னார். பிறகு கண்ணாடித் துண்டுகளை விரலால் தள்ளினார்.

"மீட்டரு ஒடைஞ்சதுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணாடி, ஒடையும். வால்வு கூட, சரி, மனுஷன்தான். இருபத்திரெண்டுன்னு சொன்னே பாரு."

"தப்புங்க முதலாளி."

"நான் அத நம்பி எத்தன படகுக்கு வாக்கு குடுத்துட்டேன் தெரியுமா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"பொண்ணுக்கு எப்போ?"

"இன்னிக்கோ நாளைக்கோங்க."

"பொறந்து முப்பது நாள் ஆவட்டும். அதுக்கப்புறம் சாவிய குடுத்துடு. தொட்டி பக்கம் நீ போவாதே. வேலை வேணும்னா லோடு ஏத்தறதுல இரு."

கும்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்த பிறகுதான், முப்பது நாள் கிடைத்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. நான் கேட்டதைத்தான் ஆத்தா கொடுத்திருக்கிறாள். கேட்டதற்கு மேலே ஒரு நாளும் இல்லை.

லாரி இருட்டுவதற்குள் வந்தது. நான் தொட்டி பக்கம் போகக் கூடாது என்றதால் மூட்டைகளை முதுகில் சுமந்து தொட்டி வாசல் வரைக்கும் கொண்டு வந்து போட்டேன். பாய் கொட்டினார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். லாபம் இல்லை, ஓம் சக்தி இல்லை. நான் சொல்லவும் இல்லை. மனசுக்குள்ளேகூடச் சொல்லப் பயமாக இருந்தது. இருபத்திரண்டில் நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பெல்லாம் கரைந்ததும், புது மீட்டர் வருவதற்கு முன்னாடியே, பாய் ஒரு சொம்பு தண்ணி மொண்டுகொண்டு எங்கள் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, கொஞ்சம் காய்ச்சிக் குடு."

அதே சட்டி, அதே சிறு தீ. பெண்ணுக்கு அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே இடுப்பு வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தராசைப் பார்த்தாள்.

"நாப்பத்தி நாலு" என்றாள். "நைனா, நாப்பத்தி நாலு. இருபத்திரெண்டு."

பாய் மிஷினைப் போட ஓடினார். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

எங்கள் ஐஸ் பார் செவ்வாய்க்கிழமைதான் வெளியே வந்தது. படகுகள் ஞாயிற்றுக்கிழமையே மற்ற கம்பெனி ஐஸோடு போய்விட்டன. நான் அதே செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த ரூமில் படுக்க வைத்தேன். டம்ளர்கள் ஆடின. குழந்தை அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்கியது. எங்கள் வீட்டுக் குழந்தைதானே.

அந்த முப்பது நாள் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது வீட்டுக்காரி நாளை எண்ணுவாள். வாய்விட்டு எண்ண மாட்டாள், உதடு அசையும். நான் காலையில் பார் சுமப்பேன், சாயங்காலம் வீடு தேடுவேன். முதலாளி மறந்துவிடுவார் என்று ஒரு ஆசை இருந்தது. இரண்டு தடவை கம்பெனிக்கு வந்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். முப்பதாம் நாள் ஆபீஸ் கிளார்க் வந்து, "சாவி எப்ப தர்றீங்கன்னு கேக்கச் சொன்னாரு" என்றார்.

எர்ணாவூரில் குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. தண்ணியைக் கீழேயிருந்து சுமக்க வேண்டும். புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் கொண்டு போவது எங்கள் வழக்கம். சாமானெல்லாம் வண்டியில் ஏற்றின பிறகு, காலியான ரூமில் வீட்டுக்காரி அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மசாலாப் பேப்பரில் மடித்தது. அன்றைக்குக் காய்ச்சின நாற்பத்திநாலு கிராம்.

"அது துரு, அமோனியா. வாயில வெக்க முடியாது" என்றேன்.

"தின்னவா எடுத்துக்கினு போறேன்?"

சாவியை ஆபீஸ் மேஜையில் வைத்தேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. எர்ணாவூரில் மூன்று மாடி ஏறி, மஞ்சள் கிழங்கை ஒரு கையிலும் அந்தப் பழுப்பு உப்பை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரி வலது காலை எடுத்து வைத்தாள். பின்னாலே பெண் குழந்தையோடு. பிறகு நான். சாமி படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, பின்னால் ஒன்றும் இல்லையே என்று ஒரு தரம் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு விளக்கை ஏற்றினேன்.